யெர்முன் போடும் கூச்சல்

யெர்முன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பீருக்காகக் காய்ச்சி ஆறிக்கொண்டிருக்கும் பார்லிச் சாற்றில் முழங்கையை முக்கிப் பார்க்கிறார். குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரின் சூடு இருந்தால் ஈஸ்ட் போடலாம். மகள் வாங்கித் தந்த வெப்பமானி பழைய பூட்ஸுக்குள் கிடக்கிறது. "முழங்கைக்கு பேட்டரி மாத்த வேண்டாம்" என்பார். அவருக்கு அதுவே பெரிய பேச்சு.

அவருடைய மலையூரான வோஸ் பக்கத்து ஆட்கள் பேச்சில் சிக்கனம்; யெர்முன் கஞ்சன். ஆமாம் என்பதைக்கூட மூச்சை உள்ளே இழுத்துத்தான் சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று பாதிரியார் கேட்டபோதும் அப்படியே சொல்லி, மறுபடி கேட்க வைத்தவர்.

அவர் வாய்விட்டு அலறுவது ஈஸ்ட் போடும்போது மட்டும். அங்கே அது வழக்கம். எவ்வளவு உரக்கக் கத்துகிறோமோ அவ்வளவு வீரியமாகப் பீர் பொங்குமாம். அவர் கத்தினால் ஆடுகள் சரிவில் தெறித்து ஓடும். ஏரிக்கு அக்கரையில் நண்பர் ஐவிண்ட் குவளையைக் கழுவி வைப்பார்.

மகள் சில்யேவின் கல்யாணத்துக்கு வழக்கமான அண்டா போதாது. இரண்டு மடங்கு காய்ச்சி, ஐவிண்டின் பழைய பால் தொட்டியில் ஊற்றினார். அன்று பார்த்து மாப்பிள்ளையின் அம்மா அன்னிக்கென் ஓஸ்லோவிலிருந்து வந்து, மலைப்பாதை வளைவுகளில் தலைசுற்றி, மாடியில் படுத்திருந்தார்.

"இந்த ஒரு தடவை வாயை மூடிக்கிட்டுப் போடுங்க. சம்பந்தியம்மா பயந்து ஊருக்கே ஓடிடுவாங்க" என்றாள் மனைவி குன்வோர்.

யெர்முன் மூச்சை உள்ளே இழுத்தார். ஈஸ்டைப் போட்டு, தொட்டியின் விளிம்பருகே குனிந்து கிசுகிசுத்தார்.

மறுநாள் காலை தொட்டியில் ஒரு குமிழி இல்லை. கல்யாணத்துக்குக் கடைப் பீர் வாங்கிய வீடு என்று பெயரெடுப்பதைவிட அவர் அந்தத் தொட்டியிலேயே விழுந்துவிடுவார்.

"கத்துனியாடா?" என்றார், சத்தமே கேட்கவில்லையே என்று பார்க்க வந்த ஐவிண்ட்.

"மெதுவா."

"மெதுவாக் கத்துனானாம்! அப்ப அதுவும் மெதுவாத்தான் பொங்கும். அடுத்த வருஷம் பேத்தி பேர்வைக்கிற விசேஷத்துக்கு ஆகும்."

இரும்புத் தொட்டி சூட்டை உறிஞ்சியிருக்கும் என்பது யெர்முனுக்குத் தெரியாதா என்ன? சாற்றில் பாதியை மறுபடி சூடாக்கி ஊற்றினார். வீட்டிலிருந்த கம்பளிகளை எல்லாம் தொட்டிக்குப் போர்த்தினார். புது ஈஸ்டைக் கையில் எடுத்தார். வாயைத் திறந்தார். மாடி ஜன்னல் ஞாபகம் வந்தது. பாவம், குரல் வரவில்லை.

"என் கம்பளியைக் காணோமே" என்று வாசலில் வந்து நின்றார் அன்னிக்கென்.

குன்வோர் தலையிலடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"கத்தணும், அவ்வளவுதானே? ராத்திரி பூரா உங்க ஆடுங்க கத்துச்சு, அதை யாரும் அடக்கலையே. நான் முப்பது வருஷம் நீச்சல் சொல்லிக்கொடுத்தவ. போடுங்க அதை!"

போட்டார். அன்னிக்கென் போட்ட கூச்சலில் ஐவிண்டின் தொப்பி கழன்றது. யெர்முனும் சேர்ந்துகொண்டார். ஆடுகள் தெறித்தன.

மாலையில் கம்பளிக்கு அடியில் ஏதோ சலசலப்பு. யெர்முன் மண்டியிட்டுத் தொட்டியில் காதை வைத்தார். அப்படியே கொஞ்சம் நகர்ந்து, சம்பந்தியம்மாளின் காதுக்கும் இடம் விட்டார்.