கிரேன் அக்காவின் தோள்பட்டை

பூங்காவின் புல்லில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் பழைய விரிப்பொன்றை விரித்து, அவள் மூலையை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தை முக்கோணமாகத் தூக்கிப் பிடித்து, தொங்கும் துணியை அடியில் செருகி, பிறகு முக்கோணத்தை இறக்கி அதையும் செருகினாள். வார்டில் கட்டிலுக்கு எப்படிச் செய்வாளோ அப்படியே. கடைசியில் உள்ளங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தாள். விரிப்பில் சுருக்கம் இருந்தால் முதுகில் புண் வரும். அந்த விதியை அவள் அட்டைப்பெட்டிக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

“அக்கா, இங்க யாரு ரவுண்ட்ஸ் வரப்போறா?” என்று கேட்டாள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி துவைத்தவள்.

“போலீஸ் வரும்ல. பாத்துட்டுப் போகட்டும்.”

அவளை மருத்துவமனையில் எல்லோரும் கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, என் தோளுக்குத்தான் வருவாள். ஆனால் எண்பது கிலோ மனிதரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற அவளும் இன்னொருத்தியும் போதும். “கிரேனைக் கூப்பிடுங்க” என்று யாராவது சொன்னால், புதிதாக வந்த டாக்டர்கள் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பார்கள்.

அவள் புருஷன் கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பவர். சாரம் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனார். பல வருஷம் படுக்கை. ஒரு தடவை காய்ச்சலோடு அவரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது நான் அங்கே ஸ்டாஃப் நர்ஸ். புரட்டிப் பார்த்தேன். அத்தனை காலம் படுத்திருந்தவர் முதுகில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டதற்கு, “நானும் அத்தையும்” என்றாள். அத்தை என்றது மாமியாரை. தலைப்பக்கம் ஒருத்தி, கால்பக்கம் ஒருத்தி, விடியும்வரை முறை வைத்துப் புரட்டியிருக்கிறார்கள். சிறுநீரகத்தில் கிருமி ஏறி அந்த ஆள் பிழைக்கவில்லை. அடுத்த மாதமே அவள் வார்டு உதவியாளர் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் உலை வைக்க வேண்டும், வார்டிலும் ஆள் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அதன்பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலை. துடைப்பது, புரட்டுவது, தூக்குவது, மலப்பாத்திரம் மாற்றுவது. நான் ஓய்வு பெற்று வந்துவிட்டேன், அவள் தூக்கிக்கொண்டே இருந்தாள்.

இந்த வருஷம் மருத்துவமனை நிர்வாகம் உதவியாளர்களையும் சலவைக்கூடத்தையும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களையும் மொத்தமாக ஒரு கான்ட்ராக்டர் கையில் கொடுத்தது. இன்றுதான் புதிதாக வேலைக்குச் சேர்ந்ததாக எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போடாதவர்களைக் காவலாளி வாசலிலேயே நிறுத்தினார். நிறுத்தப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, சாலையைக் கடந்து எதிரே இருந்த பூங்காவுக்குப் போனார்கள். தார்ப்பாய் கட்டினார்கள். கேட்டது ஒன்றுதான்: மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கீழே இறங்கி வந்து தங்களோடு நேரில் பேச வேண்டும், தங்களைப் பழைய ஆட்களாகவே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் வரவில்லை. “கான்ட்ராக்டரைப் போய்ப் பாருங்க” என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பினார்.

வேறு இடம் பார்க்கலாம், வெயில் தாங்கவில்லை என்று சிலர் முணுமுணுத்தபோது கிரேன் ஒத்துக்கொள்ளவில்லை. “மூணாவது மாடியில அவரு ரூம் ஜன்னல்ல நின்னா நாம தெரியறோம். தெரியற வரைக்கும்தான் நம்மள ஞாபகம் இருக்கும். கண்ணுல படாம போனோம்னா, தரையைத் துடைக்கற மாதிரி துடைச்சிட்டுப் போயிடுவாங்க.”

நான் தினமும் காலையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு போவேன். பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு மூட்டு. மாத்திரை போட்டார்களா என்று கேட்பதும், போடாதவர்களைத் திட்டுவதும் என் வேலை.

பூங்காவைக் காலி செய்யச் சொல்லி வாசலில் காகிதம் ஒட்டிய அன்றே கிரேன் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

“நோயாளி கையை நெஞ்சுல கட்டிக்கிட்டு, தாடையை உள்ள இழுத்துக்கிட்டா, தூக்கறது சுலபம். தெரியும்ல? அதைத் தலைகீழா பண்ணுங்க. கையை விரிச்சுப் போடுங்க. தலையைத் தொங்க விடுங்க. உடம்புல எங்கயும் பிடிப்பு இருக்கக் கூடாது. அடிக்க வேண்டாம், உதைக்க வேண்டாம், கத்தவும் வேண்டாம். கனமா இருந்தா போதும்.”

“எனக்கு அது பிறவியிலயே வரும்,” என்றார் ஸ்ட்ரெச்சர்காரர். நல்ல பருமன். அவரைத் தூக்கிப் பார்க்க நான்கு பேர் போய், நான்கு பேரும் அவர்மேலேயே விழுந்தார்கள். கண்காணிப்பாளர் பூங்கா பக்கம் வராவிட்டாலும் ஒன்று மட்டும் நன்றாக நடந்தது: அங்கே ரொம்ப நாள் கழித்து எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் மதியம் போலீஸ் வந்தது. இரண்டு வேன், ஒரு மாநகராட்சி லாரி, தலைமையில் ஒரு பெண் எஸ்.ஐ. ஒலிபெருக்கியில் சொன்னார்.

“இது பொது இடம். உடனே காலி பண்ணுங்க.”

“நாங்களும் பொதுதான் மேடம்,” என்றாள் கிரேன், படுத்தபடியே.

எஸ்.ஐ. வரிசையாக இருந்த படுக்கைகளைப் பார்த்தார். “இதெல்லாம் யாரு போட்டது?”

“நாங்கதான். ஒரு நிமிஷம் படுத்துப் பாக்கறீங்களா? காலையிலேர்ந்து நின்னு நின்னு கால் வீங்கியிருக்குமே.”

பின்னால் நின்ற இரண்டு பெண் காவலர்கள் சிரிப்பை மறைக்க வாயை மூடிக்கொண்டார்கள். எஸ்.ஐ. ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, தூக்கச் சொல்லிக் கை காட்டினார். மேலே ஜன்னல்களில் நோயாளிகள் கூடிவிட்டார்கள்.

முதலில் கிரேனிடம்தான் வந்தார்கள். ஏட்டம்மா ஒருவர் தலைப்பக்கம், இருவர் நடுவில், ஒருவர் காலடியில். பாடம் எடுத்தவள் ஆயிற்றே, ஈரத்துணி மூட்டை மாதிரி கிடந்தாள். ஏட்டம்மா முதல் முறை தூக்கிப் பார்த்து, முடியாமல் விட்டார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து உரக்க எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

அங்கேதான் கெட்டது காரியம். வார்டில் வருஷக்கணக்காக அந்த எண்ணிக்கையைக் கேட்டுத்தான் எல்லோரும் குனிந்திருக்கிறார்கள். மூணு என்றால் கை தானாகப் போகும். பக்கத்தில் பிணம் மாதிரி கிடந்த சலவைக்கூடத்துப் பெண் சட்டென்று எழுந்து கிரேனின் இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்தாள். இன்னும் இரண்டு பேர் முழங்காலில் எழுந்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சர்காரர் ஒருபடி மேலே போய், “நகருங்கம்மா, தலைப்பக்கம் நான் பாத்துக்கறேன்” என்று ஏட்டம்மாவை விலக்கிவிட்டு, கிரேனைக் கழுத்து மடங்காமல் அழகாகத் தூக்கி, வேன்வரை நடந்தார்.

கிரேன் அவர் கையில் இருந்தபடியே கேட்டாள். “அண்ணே. என்ன பண்றீங்க?”

அவர் நின்றார். சுற்றிப் பார்த்தார். “அய்ய,” என்றார்.

அதற்குள் அவரையும் சேர்த்து வேனில் ஏற்றிவிட்டார்கள். நடந்து போய் ஏறினவரைத் தூக்க வேண்டிய அவசியம் இல்லையே. எழுந்து நின்ற மற்றவர்களையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே சிரித்தவர்களும் உண்டு, தலையில் அடித்துக்கொண்டவர்களும் உண்டு.

கிரேன் வேனின் கம்பி ஜன்னலுக்கு வந்து நின்றாள். அடுத்த படுக்கையில் ஏட்டம்மா குனிந்து “ஒண்ணு” என்றதும், இவள் ஜன்னலிலிருந்து “மூணு” என்று கத்தினாள். இரண்டு காவலர்கள் தூக்க, இரண்டு பேர் தூக்காமல், அங்கே படுத்திருந்த பெண் ஒரு பக்கமாகச் சரிந்து திரும்பவும் அட்டையிலேயே விழுந்தாள். புல்லில் கிடந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஆளுக்கொரு எண்ணைக் கத்த ஆரம்பித்தார்கள். ஏழு, ரெண்டு, பதினொண்ணு, மூணு, மூணு, அஞ்சு. மேல் மாடி நோயாளிகளும் சேர்ந்துகொண்டார்கள். ஏட்டம்மா “நாலு” என்று சொல்லிவிட்டுத் தானே விழித்தார். காவலர்கள் மாறி மாறித் தூக்கி, இடித்துக்கொண்டு, வியர்த்து நின்றார்கள். சாயங்காலம்வரை அந்தப் பூங்கா காலியாகவில்லை.

கடைசியில் எஸ்.ஐ.க்குப் பொறுமை போய்விட்டது. “எண்ணாதீங்க. இழுங்க.”

அக்குளில் கை கொடுத்து இழுத்தார்கள். தோள் மூட்டுக்கு அது ஆகாது. நான் குறுக்கே போய்ச் சொன்னேன். “பாட்டி, ஓரமா நில்லுங்க” என்றார் எஸ்.ஐ. வேன் கதவு திறந்த நேரம் பார்த்துக் குதித்துத் தன் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்ட கிரேனையும், அவள் பின்னாலேயே குதித்த சலவைக்கூடத்துப் பெண்ணையும் மற்றவர்களையும் அப்படித்தான் இழுத்தார்கள். கிரேனின் வலது தோளில் ஒரு சத்தம் கேட்டதாகச் சலவைக்கூடத்துப் பெண் பிறகு சொன்னாள்.

ஆயுதப்படை மைதானத்துக் கொட்டகையில் உட்காரவைத்து, பெயர் எழுதிக்கொண்டு, இருட்டிய கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவர்களை நான் ஒவ்வொருவராகப் பார்த்தேன். யாருக்கும் எலும்பு முறிவு இல்லை என்று தோன்றியது. ஆனால் பலருக்குக் கை காதுக்கு மேல் போகவில்லை. கிரேனுக்கு மார்புக்கு மேலேயே போகவில்லை.

பூங்கா வாசலில் சங்கிலி போட்டாகிவிட்டது, தார்ப்பாயெல்லாம் லாரியில் போய்விட்டது என்று ஒருவர் வந்து சொன்னார்.

“முடிஞ்சுது. வீட்டுக்குப் போலாம்,” என்றாள் சலவைக்கூடத்துப் பெண். “இனிமே அவங்க ஜன்னலைத் திறந்தா புல்லுதான் தெரியும்.”

ஸ்ட்ரெச்சர்காரர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கிரேன் தோளைப் பிடித்தபடி என்னிடம் திரும்பினாள்.

“சிஸ்டர், இதுக்கு யாரைப் பாக்கணும்?”

“எலும்பு டாக்டரை. எக்ஸ்ரே எடுக்கணும். எண்ணெய் கிண்ணெய் போட்டுத் தேய்க்காதே.”

“நாளைக்கு எலும்புக்கு ஓ.பி. உண்டா?”

“உண்டு.”

“எட்டு மணிக்குத்தானே டோக்கன்?” அவள் மற்றவர்களைப் பார்த்தாள். “கேட்டீங்கல்ல? யாரும் தைலம் தடவிட்டு வந்து நிக்காதீங்க.”

வீட்டில் நடந்ததை அவளே எனக்குச் சொன்னாள். ரவிக்கையைக் கழற்றக் கை ஒத்துழைக்கவில்லை. மாமியார்தான் கழற்றிவிட்டு, தலையையும் வாரிவிட்டிருக்கிறார்.

“போய்ப் படுத்துட்டு வந்தாச்சா பார்க்குல?”

“தூக்கிட்டாங்க அத்தை.”

“உன்னையே தூக்கிட்டாங்களா? நல்லா சாப்பிடுன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கொஞ்சம் சதை போட்டிருந்தா நடக்குமா இது?” என்றவர், சிக்கெடுத்து முடித்து, பின்னலை இறுக்கிக் கட்டிவிட்டுக் கேட்டாராம். “நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?”

மறுநாள் காலை வெளிநோயாளிகள் வரிசையில் முதல் ஆளாகக் கிரேன் நின்றாள். அவளுக்குப் பின்னால் சலவைக்கூடம், அதற்குப் பின்னால் வார்டு உதவியாளர்கள், கடைசியில் ஸ்ட்ரெச்சர்காரர். வாசலில் காவலாளி கையை நீட்டினார்.

“உங்களையெல்லாம் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“வேலைக்குத்தானே விடக் கூடாது?” என்றாள் கிரேன். “நான் நோயாளி.” கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தாள். அது வயிற்றைத் தாண்டவில்லை. காவலாளி தள்ளி நின்றார்.

டோக்கன் கொடுக்கும் பெண் நிமிராமலே கேட்டாள்.

“என்ன தொந்தரவு?”

“தோள்பட்டை.”

“அடுத்து?”

“தோள்பட்டை.”

மூன்றாவது தோள்பட்டைக்கு அவள் நிமிர்ந்தாள். “எல்லாருக்குமேவா?”

“எல்லாரையும் ஒரே மாதிரிதானேம்மா இழுத்தாங்க.”

ஸ்ட்ரெச்சர்காரரை யாரும் இழுக்கவில்லை. அவர் தனக்கு மனசு வலிக்கிறது என்றார். அதற்கு வேறு நாள் என்று சொல்லி, ரத்த அழுத்தத்துக்கு டோக்கன் கொடுத்தாள்.

காத்திருப்புக் கூடத்தின் பெஞ்சுகள் நிறைந்தன. கான்ட்ராக்டர் அனுப்பியிருந்த புதுப் பெண்கள் இருவர், எக்ஸ்ரேவுக்குப் போக வேண்டிய ஒரு வயதானவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றத் தெரியாமல் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கிரேன் எழுந்துவிட்டாள். பிறகு தன் கையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, “முதல்ல பிரேக் போடும்மா” என்றாள்.

பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் இறங்கி வந்தார். யாரோ போன் செய்திருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் நேற்றைய எஸ்.ஐ.யும் இருந்தார்.

“இங்க உக்காந்து போராட்டம் பண்ணக் கூடாது,” என்றார் கண்காணிப்பாளர்.

“டோக்கன் கூப்பிடற வரைக்கும் கூடத்துலதான் உக்காரணும்னு அங்க எழுதி வச்சிருக்கீங்களே சார். போராட்டம்னா வெளிய பண்ணுவோம். இது வைத்தியம்.”

அவர் எஸ்.ஐ.யைப் பார்த்தார். எஸ்.ஐ. மடியில் தாங்கிப் பிடித்திருந்த கைகளையும் டோக்கன்களையும் பார்த்தார். “நோயாளியை எப்படி சார் தூக்கறது? நீங்க பேசிக்கோங்க,” என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

கண்காணிப்பாளர் உட்கார இடம் தேடினார். பெஞ்சு ஏதும் காலி இல்லை. நின்றபடியே கேட்டார்.

“உங்களுக்கு என்னதான் வேணும்?”

“முதல்ல எக்ஸ்ரே,” என்றாள் கிரேன். “அப்புறம் வேலை. பழைய ஆளா.”

“ரெண்டு பேர் மட்டும் என் அறைக்கு வாங்க, பேசலாம்.”

“நம்பர் கூப்பிட்டா எங்க வரிசை போயிடும் சார். இங்கயே சொல்லுங்க. எல்லாருக்கும் காது நல்லாத்தான் இருக்கு.”

அவர் அங்கேயே சொன்னார். கான்ட்ராக்டை ரத்து செய்யத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார், மேலே எழுதுகிறேன் என்றார், கொஞ்ச நாள் ஆகும் என்றார். யாரும் கைதட்டவில்லை, யாரும் எழுந்தும் போகவில்லை. எழுதுகிறேன் என்று அவர் வாயால் அவர்களிடம் நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குள் எலும்பு டாக்டர் கூப்பிட்டுவிட்டார். எக்ஸ்ரே எடுக்கவைத்துப் பார்த்துவிட்டு, தசைநார் பிசகல், எலும்புக்கு ஒன்றும் இல்லை, தினமும் வந்து தோளுக்குப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று அவளுக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்து வந்தவர்களுக்கும் அதையே எழுதினார். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கிரேன் கண்காணிப்பாளரிடம் வந்தாள்.

“கொஞ்ச நாள் ஆகும்னீங்களே சார். பரவாயில்லை. நாங்க தினமும் வரணுமாம்.”

பயிற்சி அறையில் அத்தனை பேருக்கு இடம் இல்லாததால், பயிற்சி கொடுக்கும் பெண் கூடத்துக்கே வந்தாள். எல்லோரையும் சுவர் ஓரமாக நிற்கவைத்து, சுவரில் விரல்களை ஊன்றி, மெல்ல மேலே ஏற்றச் சொன்னாள். வலி தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்றாள். எல்லோரும் நிறுத்தினார்கள். கிரேன் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சாண் ஏற்றினாள். நான் பக்கத்தில் போய், “சீக்கிரம் குணமாயிட்டா நாளைக்கு எப்படி உள்ள வருவே?” என்று அவளைத் திட்டி, கையை இறக்கிவிட்டேன்.