எதிரே நடந்த கதாநாயகி

நான் பார்த்த காதல் படங்களில் ஒரு விஷயம் மாறவே மாறாது. கதாநாயகன் ஊரை விட்டுக் கிளம்புவான். கதாநாயகி ஓடுவாள். விமான நிலையம், ரயில் நிலையம், ஏதோ ஒரு நிலையம். மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லிவிடுவாள். அவன் பெட்டியைக் கீழே போட்டுவிடுவான். முன்பின் தெரியாதவர்கள் கை தட்டுவார்கள். அந்தப் பெட்டி அப்புறம் என்ன ஆனது என்று யாரும் காட்டியதில்லை.

என் கதையில் கிளம்ப இருந்தவன் கீழ்பென்னாத்தூர்க்காரன். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடையில் எனக்கும் அவனுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டர். அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை காலை பஸ். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும். அவன் சொல்வான் என்று ஒன்றரை வருஷம் காத்திருந்து பார்த்தாயிற்று.

நான் முயற்சி செய்யாமல் இல்லை. மழை பெய்த அன்று கடை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். படமாக இருந்தால் அவன் அப்படியே சிலையாகியிருக்க வேண்டும். உள்ளே வரச் சொன்னான். சளி பிடித்தால் நாளைக்கு யார் ஃபார்ம் போடுவது என்று கேட்டான். கடையில் இருந்தது ஒரே யூபிஎஸ். நான் சேர்ந்த வாரமே அதைத் தன் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி என்னுடையதில் மாட்டிவிட்டான். கரண்ட் போகும்போதெல்லாம் அவன் அடித்த பாதி விண்ணப்பம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து அடிப்பான். பின்னணி இசை எதுவும் வராததால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை பௌர்ணமி. வேலை கிடைத்தால் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டிருந்த அவன் அம்மா, சாயங்காலம் அவனையும் அழைத்துக்கொண்டு வந்தார். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் போதும், அவன் தானாக வந்து சேர்ந்திருப்பான். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற கதாநாயகியை வைத்து எவன் படமெடுப்பான்? ஓட வேண்டும். எதிரே போய் நிற்க வேண்டும்.

கிளம்பிவிட்டேன். செங்கம் ரோடு பக்கமாக, அத்தனை ஜனத்துக்கும் எதிர்த் திசையில்.

பௌர்ணமியன்று அந்தப் பாதையில் எதிரே வருவது கழுதைகூடச் செய்யாத காரியம். ஒரு அக்கா, குழந்தையைத் தொலைத்துவிட்டேனா என்று பதறினார். ஒருவர் என் பர்ஸ் விழுந்துவிட்டது என்று தானே முடிவு செய்து, செல்போன் வெளிச்சத்தில் தரையில் தேடினார். அன்னதானக்காரர் கேட்காமலே கையில் ஒரு தொன்னைப் பொங்கலைத் திணித்தார். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் மட்டும் நின்று கேட்டார்:

"ஏம்மா, எல்லாரும் பாவத்தக் கரைச்சுட்டுப் போறோம். நீ திரும்ப வாங்கிட்டுப் போறியா?"

கடைசியில் அவன் தெரிந்தான். வெறுங்கால், கையில் மஞ்சப்பை, அதற்குள் அம்மாவின் செருப்பு. ஸ்லோ மோஷனிலும் வந்தான், கூட்டம் அப்படி. என்னைப் பார்த்து எதுவும் தொலைந்துவிட்டதா என்றுதான் அவனும் கேட்டான். பொங்கல் தொன்னையோடு வாயைத் திறந்தேன். பின்னால் வந்தவர்கள் நடுவில் நிற்காதே என்று சத்தம் போட்டு அவனைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள்.

வேறு வழியில்லாமல் திரும்பினேன். வந்த வழியே, அவன் பக்கத்தில் நடந்தேன். முகத்துக்கு நேராக நின்று வராத பேச்சு, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது வந்துவிட்டது.

"எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. நீங்க போறதுக்குள்ள சொல்லணும்னுதான் வந்தேன்."

அவன் மஞ்சப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"எங்கம்மாகிட்ட போன மாசமே சொல்லிட்டேன். உங்ககிட்டதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

முன்னால் போய்க்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை. "இது வேலைக்கு வேண்டிக்கிட்ட சுத்து," என்றார். "இதுக்கு இன்னொரு தடவ சுத்தணும்போல. காலு என்னாகப் போவுதோ."

கொஞ்ச தூரம் போனதும், திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியுமா என்று அவன் கேட்டான். இதுதான், இதற்காகத்தானே அத்தனை படமும் பார்த்தேன்.

"ஓசூர் வழியா போற பெங்களூர் பஸ்ல கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். எனக்குப் பை ரெண்டு. நீங்க முன்னாடி ஓடிப்போயி சீட்டு போட்டீங்கன்னா நல்லாருக்கும்."

ஓடினேன். பஸ் நிற்பதற்குள் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துப்பட்டாவை எறிந்து, இன்னொருவரோடு சண்டை போட்டு இடம் பிடித்தேன். யாரும் கை தட்டவில்லை. ஏறுவதா இல்லையா என்று கண்டக்டர் கத்தினார். போகாதே என்று சொல்ல வேண்டிய கதாநாயகி, பையை எடுத்துக் கொடுத்து அனுப்பி வைத்தேன். வண்டி போன பிறகுதான் துப்பட்டா நினைவுக்கு வந்தது.

அடுத்த பௌர்ணமிக்கு நான் எங்கேயும் ஓடவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மாவும் பிள்ளையும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். மஞ்சப்பைக்குள், அம்மாவின் செருப்புக்கு மேல், என் துப்பட்டா மடித்து வைத்திருந்தது.