ஞானம்மாள் சிஸ்டர் இல்லாத மாலைச் செபம்

நான் கன்னியாஸ்திரீ என்பதால் இதையெல்லாம் சுலபமாக நம்பிவிடுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். பேய் பிடித்திருக்கிறது என்று யாரையாவது எங்கள் மடத்துக்குக் கூட்டிவந்தால், காலையில் என்ன சாப்பிட்டாய் என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேய் கஞ்சி குடித்ததும் போய்விடும். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. வடக்கனந்தலைத் தாண்டி, கல்வராயன் மலை தொடங்குகிற இடத்தில் எங்கள் மடம். மொத்தம் நாலே பேர். மதர், அமலி, நான், எழுபதைத் தாண்டிய ஞானம்மாள் சிஸ்டர். இரண்டு மாடு, கொஞ்சம் மரவள்ளி, வேளைக்கு வேளை மணியடித்துச் செபம், அவ்வளவுதான் வாழ்க்கை. நிறைவாக இருந்தேன். நோன்பிருக்கிற தபசுகாலம், பாஸ்கா என்கிற ஈஸ்டர் எல்லாம் முடிந்து, பெந்தெகொஸ்து திருநாளுக்குப் பிறகு வருகிற பொதுக்காலம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாதக்கணக்கில் பீடத்தில் அதே பச்சைத் துணி, பெரிய விசேஷம் ஒன்றும் கிடையாது, மழை பெய்யும், மலை பச்சையாகும், நாங்கள் பைபிளில் வருகிற சங்கீதப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருப்போம்.

அந்தப் பாட்டில்தான் பிரச்சினை. கோவிலில் இரண்டு பக்கமாக எதிரெதிரே நின்று, ஒரு அடி அவர்கள், அடுத்த அடி நாங்கள் என்று பாடுவோம். மதரும் அமலியும் ஒரு பக்கம், ஞானம்மாள் சிஸ்டரும் நானும் மறுபக்கம். அவர் எப்போதும் அரை வார்த்தை பின்னால் வருவார். எல்லோரும் முடித்து மூச்சு வாங்கும்போது அவருடைய கடைசி எழுத்து மட்டும் தனியாக வந்து விழும். எனக்கோ எல்லாம் சீராக இருக்க வேண்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "சிஸ்டர், நீங்க இனிமே மனசுக்குள்ளயே சொல்லிக்கோங்களேன்" என்று சொல்லிவிட்டேன்.

"சரிம்மா" என்றார். முகத்தில் கோபமே இல்லை. அன்று மாலை அவர் உதடு மட்டும் அசைந்தது. மறுநாள், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த தம்பிக்கு உடம்பு முடியவில்லை என்று மதரிடம் கேட்டுக்கொண்டு பஸ் ஏறினார். இரண்டு நாளில் திரும்புவதாகப் பேச்சு.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது அந்த வாரம்தான். மாடு கறக்க வருகிற பச்சையம்மாதான் சேதி கொண்டுவந்தாள்.

"எங்க பார்த்தாலும் புளியமரத்த வெட்டி ரோட்ல சாய்ச்சிக்கினு இருக்காங்க சிஸ்டர். பஸ்ஸு, லாரி ஒண்ணும் ஓடல. போலீஸ் சுட்டுட்டாங்கன்னு வேற பேசிக்கிறாங்க. பெரிய சிஸ்டரு எங்க மாட்டிக்கினாங்களோ."

மதர் செபமாலையை எடுத்துக்கொண்டு கோவிலுக்குள் போனார். ஞானம்மாள் சிஸ்டரிடம் நான் கடைசியாகப் பேசிய வார்த்தை எதுவென்று எனக்குத் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை பூசை வைக்கிற சாமியாராலும் வர முடியவில்லை, பூசை இல்லை. அன்று மாலை ஆறு மணிக்குச் செபத்துக்கு நின்றோம், வெளியே நல்ல வெளிச்சம். எங்கள் பக்கத்தில் நான் மட்டும்தான். முதல் சங்கீதம் தொடங்கி என் முறை வந்தது, பாடினேன், முடித்து மூச்சு வாங்கினேன். என் இடது பக்கம், காலியாக இருந்த ஞானம்மாள் சிஸ்டரின் இடத்தில், கடைசி எழுத்து தனியாக வந்து விழுந்தது.

அரை வார்த்தை பின்னால். அச்சு அசல்.

மனப்பிரமை என்று நினைத்துக்கொண்டு அடுத்த அடியைப் பாடினேன். மறுபடியும். எதிரே அமலியின் முகம் வெளுத்திருந்தது, அவள் பார்வை எனக்குப் பக்கத்தில் நிலைத்திருந்தது. மதர் பதற்றத்தில் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு வேறு சங்கீதத்தைத் தொடங்க, அமலி அழுகிற நிலையில் இருந்தும் களுக்கென்று சிரித்துவிட்டாள். நான் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் என்று சொல்ல முடியாது, திரும்பினால் நின்றுவிடுமோ என்றுதான். செபத்தின் கடைசியில் வருகிற மாதாவின் பாடல் முடிகிறவரை கூடவே வந்தது.

செபம் முடிந்ததும் மதர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம ஞானம்மா போயிட்டாளா?"

அன்றும் மறுநாளும் நான் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. தலையிலிருந்து கால்வரை புழுதியோடு ஞானம்மாள் சிஸ்டர் இறங்கினார். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் வண்டிக்காரர் பயந்தே போனார்.

"இன்னாத்துக்கும்மா அழுவற? தம்பியப் பாத்துட்டு வரச்சொல்ல சங்கராபுரத்துக்கு அந்தாண்ட பஸ்ஸு மாட்டிக்கிச்சு. முன்னாலயும் மரம், பின்னாலயும் மரம். பக்கத்துல ஒரு கரும்புக்காரங்க வூட்ல சோறு போட்டு, படுக்க எடம் குடுத்தாங்க. நல்ல ஜனங்க."

தண்ணீர் குடித்துவிட்டு அவரே தொடங்கினார். கோவிலில் நடந்ததைப் பற்றி நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, சத்தியம்.

"ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு அந்த வூட்டு வாசப்படில உக்காந்து, கண்ண மூடிக்கினு செபத்த ஆரம்பிச்சேன். நம்ம கோயில்ல நிக்கிற மாதிரியே கேட்டுச்சு. மதர் தப்பான சங்கீதத்த எடுத்துட்டாங்க, இல்ல? அமலி சிரிச்சிட்டா."

மதர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"நான் வாயே தொறக்கலம்மா" என்று ஞானம்மாள் சிஸ்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். "நீ சொன்ன மாதிரி மனசுக்குள்ளயேதான் சொல்லிக்கினு இருந்தேன். ஆமா, உன் பக்கத்துல நின்னுகினு பாடனாங்களே, அது யாரு? புதுசா யாராவது மடத்துல சேர்ந்திருக்காங்களா? எனக்காவ நிறுத்தி நிறுத்தி, அவ்ளோ பொறுமையா பாடனாங்க."

அதன்பிறகு பதினோரு வருஷம் ஞானம்மாள் சிஸ்டர் எங்களோடு இருந்தார். அரை வார்த்தை பின்னாலேயே, சத்தமாகத்தான் பாடினார், நாங்கள் மூன்று பேரும் அவருக்காக மெதுவாகப் பாடக் கற்றுக்கொண்டோம். அமைதியாகத்தான் இறந்தார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் பாடியது அவர் குரல் என்றுதான் நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம், அவரோ அதை இன்னொருவர் குரலாகக் கேட்டிருக்கிறார். அது யாரென்று நான் இடப்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்.