சித்தி கேட்ட இன்னொரு சீட்டு

நான் நாலாம் வகுப்பில் படித்தபோது, பெங்களூரில் இருந்த சித்தி ஒரு பெட்டியோடு குளத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். சித்தப்பா ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, அவருக்கு லீவு இல்லை என்றாள் அம்மா. லீவு கிடைக்காத மனிதருக்காக அம்மா தினமும் ஏன் அழுது ஜெபமாலை சொன்னாள் என்பது எனக்கு விளங்கவில்லை. சித்தப்பாவின் போன் வந்தால் சித்தி எழுந்து நின்றுதான் பேசுவாள். அதை மரியாதை என்று நினைத்தேன்.

சித்தியிடம் படம் பார்த்துக் குறி சொல்லும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "பிசாசுக்க சீட்டாக்கும் அது. பிள்ளைக்க கையில குடுக்காத."

அப்பா கடலுக்கும் அம்மா மீன் சந்தைக்கும் போன பிறகு சித்தி கொடுத்தாள். ஒரு நாளைக்கு ஒரு சீட்டு, உருவுவது நான்.

"பாத்தா என்ன தோணுதுன்னு சொல்லு மக்கா. தெனமும் பாத்துப் பழகினா அது நம்மகிட்ட பேசும்."

என்னிடம் அது பேசவேயில்லை. குதிரைமேல் எலும்புக்கூடு வந்த நாளில் நான் பயந்தேன். "நல்லதாக்கும். ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது தொடங்கும்" என்றாள் சித்தி. இன்னொரு சீட்டில் தலைகீழாகத் தொங்கியவனுக்கு நோவே இல்லையாம், பொறுமையாக இருக்கிறானாம். பிடிக்காத சீட்டு வந்தாலும் அன்றைக்கு அதுதான். மாற்றி எடுக்கக் கூடாது. எனக்கு இதைவிடக் கணக்குப் பாடம் எளிதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் சித்தப்பா காரோடு நின்றார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். என் கன்னத்தைத் தட்டினார். சித்தியைக் கூட்டிப் போக வந்ததாக அப்பாவிடம் மெதுவான குரலில் சொன்னார். அம்மா சந்தோஷத்தில் தேயிலைத் தண்ணீருக்கு இரண்டு தரம் சர்க்கரை போட்டாள்.

சித்தி என்னைப் பின்னறைக்கு இழுத்துப் போய்ச் சீட்டுக்கட்டை நீட்டினாள்.

சூரியன் வந்தது. வெள்ளைக் குதிரைமேல் சிரிக்கிற குழந்தை. சீட்டுக்கட்டிலேயே நல்ல சீட்டு அதுதான் என்று சொல்லித் தந்தவளே அவள்.

"போகச் சொல்லுது சித்தி" என்றேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "இன்னொண்ணு எடு."

எடுத்தேன். இரண்டு பேர் கோப்பையை நீட்டி ஒருவரையொருவர் பார்த்து நிற்கும் படம். அதுவும் நல்லதுதான்.

"இன்னொண்ணு எடு மக்கா."

எனக்கு அழுகை வந்தது. "ஒனக்கு எது வேணும்னு சொல்லு சித்தி. நான் பாத்து எடுத்துத் தாறேன்."

சித்தி என்னையே பார்த்தபடி நின்றாள். பிறகு சீட்டுக்கட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"நான் வரல்ல" என்றாள். "இனி எப்பவும் வரல்ல."

கார் போன பிறகு அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எந்தச் சீட்ட எடுத்துக் குடுத்த நீ?"

நல்ல சீட்டுத்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சித்தி திண்ணென்று உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கித் தின்றுகொண்டிருக்க, அவளைப் போக வேண்டாம் என்று சொன்ன சீட்டு எது என்று, கட்டு முழுவதையும் பாயில் பரப்பித் தேடிக்கொண்டிருந்தேன்.