மூன்றாவது தட்டைத் தொடாதே

ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை ‘அடிக்கோடு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துத் தரும் கடை அது. முதலாளி அவளுடைய சொந்த அண்ணன். எடுத்த படமெல்லாம் நான்கு ஹார்ட் டிஸ்க் சேர்ந்து ஒன்றாக வேலை செய்யும் ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கும். ஒரு டிஸ்க் போனால் படம் பிழைக்கும். இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு.

காலையில் வந்ததும் தோள்பையைக்கூட இறக்காமல் அதன் நிலையைத்தான் பார்ப்பாள். திரையில் நல்ல டிஸ்க்குக்கு ‘யூ’ என்ற ஆங்கில எழுத்து, விழுந்ததற்கு ஓர் அடிக்கோடு. யாரும் சொல்லித் தரவில்லை. பழைய டிஸ்க்குகளை வேண்டுமென்றே உருவிப் போட்டு, திரை என்ன சொல்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகியது.

அன்றைக்கு யூ, யூ, அடிக்கோடு, யூ.

தொகுப்பு அறைகளுக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினாள். அண்ணன் ஓடி வந்தான்.

“ஏண்டி, கடைய மூடிட்டியா?”

“ஒரு டிஸ்க் செத்துப்போச்சு. மாத்தி முடியற வரைக்கும் யாரும் தொடக்கூடாது.”

“படம் ஓடுதே! இப்பத்தான் பாத்தேன்.”

“மூணு கால் நாற்காலியும் நிக்கத்தான் செய்யும். நீ உக்காருவியா?”

மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக்குப் படம் தர வேண்டும். கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாகிவிட்டது. வேறு பிரதி கிடையாது.

“கெட்டது மூணாவதுன்னு திரையே சொல்லுதே. நானே உருவறேன்.” அண்ணன் பெட்டியில் டிஸ்க் செருகியிருந்த மூன்றாவது தட்டில் கை வைத்தான். அவள் அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒன்று போட்டாள். தொகுப்பு அறைப் பையன்கள் சிரிப்பை விழுங்கினார்கள்.

“திரையில மூணாவதுன்னா பெட்டியிலயும் மூணாவதா? கடை மாத்தினப்ப வயரத் தாறுமாறா சொருகினது யாரு?”

“இங்க முதலாளி நானா, நீயா?”

“நீதான். வேலைய விட்டுத் தூக்கு. இப்ப கைய எடு.”

விழுந்த டிஸ்க்கின் பெயரைத் திரையில் எடுத்தாள். அந்தப் பெயருக்கு உரிய சீரியல் நம்பரைக் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு தட்டின் முகப்பிலும் அவள் ஒட்டிவைத்திருந்த நம்பர்களோடு ஒப்பிட்டாள். முதல் தட்டு! அண்ணன் பிடித்திருந்தது நல்ல டிஸ்க். அவன் கையை எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டான்.

புது டிஸ்க் ஏறியது. மற்ற மூன்றிலிருந்தும் அது நிரம்பும் சதவீதம் திரையில் எறும்பாக ஊர்ந்தது.

“பாதி தாண்டிருச்சே, ஆரம்பிக்கலாமா?” என்றான் அண்ணன்.

“நாலும் யூ வரட்டும்.”

மறுநாள் கல்யாணப் பெண்ணின் அம்மா வந்தபோதும் அது முடியவில்லை. “கரண்டு பிரச்சினைம்மா...” என்று அண்ணன் இழுத்தான்.

“கரண்டு இல்லம்மா, டிஸ்க் செத்துப்போச்சு,” என்றாள் இவள், உள்ளேயிருந்தே. “படம் இருக்கு. இன்னிக்குக் கிடைக்காது.”

“வேலை தெரியாதவங்ககிட்டக் குடுத்தோம் பாரு!”

“நல்லாத் திட்டுங்கம்மா. நேத்து அவசரப்பட்டிருந்தா, திட்டு வாங்கக்கூட இங்க ஆள் இருந்திருக்காது.”

அண்ணன் தலையில் கை வைத்தான். அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“எம் பொண்ணு கல்யாணம் அதுல முழுசா இருக்கா?”

“முழுசா இருக்கு. அதனாலதான் தர மாட்டேங்கறேன்.”