நஜீர் பாய் எடுத்த ரயிலின் முகம்

குமணன்சாவடி கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு நஜீர் பாயின் ஸ்டுடியோவைத் தெரியாமல் இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் மாலையும் கழுத்துமாக ஜோடிகள், மொட்டையடித்த குழந்தைகள், பட்டம் வாங்கிய ஒரு பெண். மேல் வரிசை முழுக்க ரயில். நீலப் பெட்டிகள், கல் பாலம், புகை.

"இன்னா பாய், இந்த ரயிலுக்கு எப்போ கல்யாணம்?" என்று கேட்காத ஆள் பக்கத்து டீக்கடையில் கிடையாது.

"பொண்ணு பாத்துகினு கீறேன். உன் சொந்தத்துல எதுனா கீதா?" என்பார் நஜீர்.

1982-இல் நஜ்மாவைக் கட்டிக்கொண்டு ஊட்டிக்குப் போனபோது பிடித்த பைத்தியம் அது. முப்பத்தாறு படம் விழும் ஒரு ரோலில் புதுப்பெண்ணை இரண்டு எடுத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊர்ந்து ஏறும் மலை ரயிலை முப்பத்துநாலு. நஜ்மா அதை எந்தச் சண்டையிலும் சொல்ல மறந்ததில்லை.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தரம், ஆடியில். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கேமராவுக்கு ஓய்வு. ஆனால் மலையில் அது மழையும் மேகமுமான மாதம். போய் வந்த ரோலில் பாதி வெறும் வெள்ளையாக இருக்கும். மீதிப் பாதிதான் கண்ணாடிப் பெட்டிக்கு.

கல்யாணங்களில் அவர் தோளில் இரண்டு கேமரா தொங்கும். ஒரே மாதிரி, ஒரே கறுப்பு. வலது தோளில் இருப்பதில் ஃபிலிம். இடது தோளில் இருப்பது காலி. பேசிய ரோலுக்கு மேல் போனால் கைக்காசு போகும். மேடையோரம் நின்று "பாய், எங்கள ஒண்ணு எடு" என்று கூப்பிடும் சித்தப்பாக்கள், ஒன்றுவிட்ட மாமாக்களுக்கெல்லாம் இடது கேமரா. ஃப்ளாஷ் பளிச்சென்று அடிக்கும், அவர்களும் சிரித்துவிட்டுப் பந்திக்குப் போவார்கள். பின்னால் யாராவது கேட்டு வந்தால், ஃபிலிம் கழுவும்போது கெட்டுவிட்டதாகக் கைவிரிப்பார்: "வாஷ்ல புகைஞ்சிட்சி நைனா." அன்றைக்கு ஊரில் பாதி ஸ்டுடியோக்களில் இதுதான் வழக்கம். அவர் கைக்கு அது மூச்சு விடுவதுபோல் பழகியிருந்தது. யாராவது கூப்பிட்டால் இடது.

ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர் கோவிந்தராஜ் அவருடைய சிநேகிதர். குன்னூர் பக்கத்து அருவங்காட்டிலிருந்து மாற்றலாகி வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். அவர் தங்கை பத்மாவின் கல்யாணப் படங்களும் நஜீர் எடுத்ததுதான். 1989 தை மாதம் கோவிந்தராஜ் தன் அப்பா தசரதனை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவந்தார். பென்ஷன் பேப்பருக்குப் படம் வேண்டும். தசரதன் அதே மலை ரயிலில் பிரேக்மேன். படம் எடுத்து முடித்ததும் பெரியவர் வெளியே போய்க் கண்ணாடிப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார்.

"ஏனுங்க பாய், எல்லாத்துலயும் இஞ்சின் இருக்குதுங்க. ரயிலோட மூஞ்சியக் காணமே?"

நஜீருக்குப் புரியவில்லை. தசரதன் விளக்கினார். மலை ஏறும்போது இஞ்சின் பின்னால் நின்று தள்ளும். முன் பெட்டியின் திறந்த முகப்பில் கொடியோடு ஒருவர் நின்று, பாதையைப் பார்த்து டிரைவருக்குக் கொடி காட்ட வேண்டும். அங்கே அவர் முப்பத்தோரு வருஷம் நின்றிருக்கிறார்.

"ஊரு உலகமே வந்து படம் எடுக்குதுங்க. எல்லாரும் எங்களத் தாண்ட விட்டுட்டுப் புகைய எடுப்பாங்க. நா நிக்கிற படம் ஒண்ணு கூட இல்லீங்க."

ஜூலை 31 அவருக்கு வேலையில் கடைசி நாள். ஆடி மாதம்தான். "நான் வரேன் பெரியவரே, நிக்கிற எடத்துலயே எடுத்துத் தரேன்" என்றார் நஜீர்.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் ஒரு நிக்காஹ். அதை முடித்துக்கொண்டு, தோளில் இருந்த இரண்டு கேமராவோடு அப்படியே சென்ட்ரலுக்கு ஓடினார். வலதில் புது ரோல் போட்டது ரயிலில்தான். மறுநாள் காலை அவரும் கோவிந்தராஜும் பஸ்ஸில் பாதி மலை ஏறி, ஒற்றையடிப் பாதையில் நடந்து, ரன்னிமேடு ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு கல் பாலத்துக்கு எதிரே போய் நின்றார்கள். அட்டை கடித்தது. தூறல். கோவிந்தராஜ் குடை பிடித்தார்.

பத்து மணிக்குப் புகை தெரிந்தது. மேகம் விலகியது. வளைவில் முதல் பெட்டி வந்தது. முகப்பில் இஸ்திரி போட்ட காக்கியில், கையில் பச்சைக் கொடியோடு தசரதன். இவர்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகக் கத்தினார்: "பாய்! இங்கீங்க பாய்!"

நஜீர் எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. முகப்பு கடந்து போனபோதுதான் ஃபிலிமைத் தள்ளும் லீவர் லேசாகப் போவது விரலுக்கு உறைத்தது. ஃபிலிம் இருந்தால் மேலே உள்ள குமிழும் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை. கையில் இருந்தது இடது கேமரா.

பதறிப் போய் வலதைத் தூக்கினார். அதில் விழுந்தது பின்னால் தள்ளிக்கொண்டு வந்த இஞ்சின்.

"உழுந்துச்சா பாய்?" என்றார் கோவிந்தராஜ். கண் கலங்கியிருந்தது.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. இப்போது 'சூப்பர்' என்று சொல்லி, பத்து நாள் கழித்து 'வாஷ்ல புகைஞ்சிட்சி' என்றால் கோவிந்தராஜ் நம்புவார். எத்தனையோ பேர் நம்பியிருக்கிறார்கள்.

"உழல, கோவிந்து."

"இன்னாது?"

"காலி கேமராவுல அட்சிட்டேன். உங்கப்பா 'பாய்'ன்னு கூப்ட்டாரா... கை தன்னால எடது கேமராவாண்ட போய்ட்சி."

"காலி கேமரா எதுக்குய்யா வச்சிருக்க?"

நஜீர் சொன்னார். கோவிந்தராஜ் குடையை மடக்கினார்.

"அப்ப பத்மா கல்யாணத்துல?"

"உன் பெரியப்பா வகையறா பூரா காலிதான் நைனா."

கோவிந்தராஜ் போய் ஒரு பாறையில் முதுகு காட்டி உட்கார்ந்தார். மழை வலுத்தது. அரை மணி கழித்து, திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"சாயங்காலம் இதே வண்டிதான் எறங்கும். இஞ்சினும் திரும்பாது, பொட்டியும் திரும்பாது. அப்பா அதே எடத்துலதான் நிப்பாரு. என்ன, எறங்கும்போது அது முன்னாடி இல்ல. கடைசி."

பன்னும் வாழைப்பழமும் தின்றுவிட்டு ஐந்து மணிவரை அங்கேயே நின்றார்கள். மூன்று மணிக்குப் பாலமே மறைந்து போனது. நாலரைக்குக் கொஞ்சம் தெரிந்தது. நஜீர் இடது கேமராவைக் கழற்றி ஒரு மரக்கிளையில் மாட்டினார்.

இஞ்சின் முதலில் வந்தது. விட்டார். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசி முகப்பில் தசரதன். காலையிலேயே படம் எடுத்தாகிவிட்டது என்ற நினைப்பில் அவர் இவர்களைத் தேடவே இல்லை. சட்டை கசங்கியிருந்தது. கொடி சுருண்டு கையில் தொங்கியது. வண்டி கீழே கீழே போக, அவர் வந்த பாதையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கோவிந்தராஜும் கூப்பிடவில்லை. நஜீர் ஒன்பது படம் எடுத்தார். அதில் ஒன்று கண்ணாடிப் பெட்டியின் நடுவுக்கு வந்தது.

அதற்கப்புறம் காலி கேமரா கல்யாணத்துக்குப் போகவில்லை. "சித்தப்பாக்காரனுக்கெல்லாம் ஃபிலிம் போட்டா ஊட்ல இன்னாத்த ஆக்குறது?" என்று நஜ்மா கேட்டுப் பார்த்தார். இரண்டு வருஷம் கேட்டார்.

ஓய்வு பெற்ற தசரதன் ஆவடி குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார். பஸ் பிடித்துக் குமணன்சாவடிக்கு வந்து, ஸ்டுடியோ வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். படத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது ஏறுகிற ரயில். முன்னால் கொடிக்காரர், பின்னால் புகை, அவர் பார்வை மேலே. இறங்குகிற ரயில் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

ஒரு நாள், பெங்களூர் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டார்: "செம படம்பா. இன்னா, மலை ஏறுதா?"

உள்ளே இருந்த நஜீர் வாயைத் திறக்கும் முன், தசரதன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஏறுதுங்க, ஏறுது."