கரும்பலகையில் என் பிழை

ஆங்கில வகுப்பில், துண்டு என்ற அர்த்தத்தில் ‘பீஸ்’ எழுதச் சொன்னால், சமாதானத்துக்குரிய ‘பீஸ்’ எழுதிவிட்டாள் செல்வி. வகுப்பே சிரிக்க அவளை நிற்க வைத்து, ஐம்பது முறை இம்போசிஷன் கொடுத்தேன்.

மறுநாள் உசிலம்பட்டியில் எங்கள் பள்ளிக்கு ஆய்வு. அதிகாரி கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பிள்ளைகள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே பிழையை நானே எழுதியிருந்தேன். அதிகாரி குனிந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எந்த நொடியும் நிமிர்வார். எனக்குக் கையே எழவில்லை.

செல்வி எழுந்து வந்தாள். “போர்ட அழிச்சிர்றேன் டீச்சர்” என்று துடைத்துவிட்டுப் போனாள்.

ஆய்வு முடிந்ததும் நோட்டை நீட்டினாள். “அம்பதும் எழுதிட்டேன் டீச்சர். எண்ணிக்கோங்க.”

மறுநாள் நானும் ஐம்பது முறை எழுதி அவளிடம் நீட்டினேன். ஒன்று விடாமல் எண்ணினாள். சிரிக்கவே இல்லை.